ஏழாவது ஆள்

முதல் புத்தகத்தில், நாற்பதாம் பக்கத்தில்,
எழினி சொல்வாள்:
"ஏழு பேரோடு புறப்பட்டேன்,
ஆறு பேரோடு கரை சேர்ந்தேன்."
ஓசைக்காகப் போட்ட எண்கள்.
ஆறில் முடிந்தால் ஒரு கனம் வரும் என்று
எடைமேடைக் கூண்டுக்குள்
இரண்டு லோரிகளுக்கு நடுவே எழுதியது.

இருநூறு படி அடித்தேன்.
போனஸ் பணமும் ஒரு வளையலும் போயின.
நாற்பத்தொன்று விற்றது.
மற்றவை கட்டிலுக்கடியில்
பூச்சி உருண்டையோடு படுத்திருக்கின்றன.

வாங்கியவர்களில் ஒருத்தி,
சுங்கை பட்டாணியில் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும்
மங்களேஸ்வரி, கேட்டாள்:
அந்தக் கடலை மட்டும் நீங்கள் எழுதவே இல்லையே?

எழினி கிழவியாகித்தான் என்னிடம் வந்தாள்.
இடக்கை கிடையாது.
மழைக்கு முன் தோள் வலிக்கும்.
கை எங்கே போனது என்று
நானும் கேட்டதில்லை.

சரி, அவளுடைய இளமைக்கே போனேன்.
பெயர் சொன்னால் எழுந்து நிற்கும் அலை,
செம்புச் சிறகுப் பறவைகள்,
இரவில் புரண்டு படுக்கும் தீவு,
எல்லாம் கேட்காமலே வந்தன.
என்ன புயல் அடித்தாலும் எழினி சாகமாட்டாள்.
அவளுடைய கிழட்டுத் தோள்வலி
முன்பே அச்சாகிவிட்டது.
சுக்கான் பிடிப்பவன், தச்சன், இரட்டையர்,
பாம்பாட்டி, விண்மீன் பார்த்து வழி சொல்பவள்,
ஆறு பேருக்கும் பிற்காலத்தில் வேலை இருக்கிறது.

மிச்சம் குருகன்.
கப்பலின் அடிவயிற்றில் நின்று
கசியும் நீரை இறைப்பவன்.
கொல்வதற்கென்றே படைத்ததால்
முகம்கூடக் கொடுக்கவில்லை.
மூன்றாம் அத்தியாயத்தில் அவனாகவே
வாளிகளை எண்ணத் தொடங்கினான்,
நான் லோரிகளை எண்ணுவது போல.
நூறு ஆனதும் பலகையில் ஒரு கோடு.
பிறகு தன் பங்குக் கருவாட்டில் பாதியை
எலிக்கு வைத்தான்.
நான் சொல்லவில்லை.

மூன்று மாதம் அவனைக் கொல்ல முடியவில்லை.
வேலை முடிந்து பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி
கரை வருவதற்குள் முடித்துவிடலாம் என்று
தினமும் நோட்டைத் திறப்பேன்.
எதிரில் ஒரு பையன்
ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தூங்குவான்.
தெற்கே பாலம் மங்கலாய்க் கிடக்கும்.
கடலோ குளம் மாதிரி.
ஓர் ஆளை மூழ்கடிக்க
கடலும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டாமா?

ஒரு விடிகாலையில், பேருந்து நிறுத்தத்தில் வைத்து,
நூற்றெட்டாம் பக்கத்தில் செய்து முடித்தேன்.
நூற்றொன்பதில் அலைகள் அடங்கின.

ஜெலுத்தோங் அச்சகத்தில்
ஊய்க்குத் தமிழ் தெரியாது.
விரலில் எச்சில் தொட்டுத் தாள்களை எண்ணினார்.
எட்டின் மடங்காக வரவேண்டும்,
கடைசியில் மூன்று பக்கம் சும்மா கிடக்கும்,
ஏதாவது போடுகிறாயா என்றார் மலாயில்.

அவர் கோப்பி குடித்து வருவதற்குள்
அவருடைய மேசையிலேயே எழுதினேன்.
நூற்றுப்பத்து:
எழினி குனிகிறாள். இடக்கையை நீருக்குள் விடுகிறாள்.
நூற்றுப்பதினொன்று:
கடல் இரண்டையும் தருவதாக இல்லை.
நூற்றுப்பன்னிரண்டு:
பலகையில், நடுங்கும் ஒரு கோடு.

அன்றிரவு கட்டிலுக்கடியிலிருந்து
நூற்றைம்பத்தொன்பதையும் இழுத்துப் போட்டு
நாற்பதாம் பக்கத்தில் 'ஆறு' என்பதை அடித்து
'ஏழு' என்று எழுதினேன்.
பாதியில் பேனா தீர்ந்து, மிச்சம் பச்சை மையில்.
ஏழு பேரோடு புறப்பட்டேன், ஏழு பேரோடு கரை சேர்ந்தேன்.
ஓசை கெட்டுவிட்டது.
சந்தைக்குப் போய் வந்தவள் பேசுவது போல் இருக்கிறது.
இருக்கட்டும்.

மங்களேஸ்வரியை அழைத்தேன்:
பேனா எடு, பக்கம் நாற்பது.

மற்ற நாற்பது பேரின் விலாசம் என்னிடம் இல்லை.
அந்த வீடுகளில் அவன் இன்னும் அடியில்தான் இருக்கிறான்,
கையில் வாளியோடு.
குருகனை எனக்குத் தெரியும்,
கடலை இறைக்கத் தொடங்கியிருப்பான்.